கொரிய மொழிக்கு எந்தப் புத்தகம்?

சிங்கப்பூர், மலேசியா, புருணை, குவைத், துபாய் என்று ஆள் அனுப்பிப் பழகிய மாவட்டம் புதுக்கோட்டை. அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் அண்ணனோ மச்சானோ சித்தப்பாவோ கடல் தாண்டிப் போகாத குடும்பம் குறைவு. திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. போகிறவர் பையில் முன்பெல்லாம் ‘30 நாட்களில்’ என்று தொடங்கும் ஹிந்திப் புத்தகமோ மலாய்ப் புத்தகமோ ஒன்று கட்டாயம் இருக்கும். இப்போது அதே பையில் கொரிய மொழிக் கையேடு வைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

கேட்கிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். டிப்ளமோ, பொறியியல் முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஹூண்டாய் நிறுவனம் 1996இல் தமிழ்நாட்டுக்கு வந்தது, 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. சாம்சங் ஆலை 2007இல் வந்தது. இவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் கொரியக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. அங்கே மேலதிகாரி பேசுவதில் நாலு வார்த்தை புரிந்தால் வேலை எளிது. கொரியப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கு இடம் தேடும் மாணவர்கள் இன்னொரு பக்கம். கே-டிராமாவும் பி.டி.எஸ். பாட்டும் பார்த்துப் பார்த்து மொழிமேல் ஆசை கொண்ட பள்ளிப் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்று தோன்றுகிறது. கரூர் மாவட்டத்தில் 2024 ஜனவரியில் 13 வயதுச் சிறுமிகள் மூவர், பி.டி.எஸ். குழுவைப் பார்க்க விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது என்று முடிவு செய்து வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அந்த ஆசையைக் கண்டித்து அடக்கிவிட முடியாது. கையில் நல்ல புத்தகம் ஒன்றைக் கொடுத்தால், அது படிப்பாக மாற வழி இருக்கிறது.

நான்காவதாக ஒருவர் உண்டு. “கொரியாவில் ஃபேக்டரி வேலை, மாதம் இரண்டு லட்சம், பாஷை கொஞ்சம் தெரிந்தால் போதும்” என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் புத்தகம் தேடுகிறவர். அவருக்குச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்கொரியா வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் மீன்பிடிக்கும் எடுக்கும் ‘வேலை அனுமதித் திட்டம்’ 2004 முதல் நடக்கிறது. அதற்கு ஈ-9 விசா என்று பெயர். எந்தெந்த நாட்டோடு அரசு ஒப்பந்தம் இருக்கிறதோ அந்த நாட்டினர் மட்டுமே அதில் போகலாம். இலங்கை இருக்கிறது, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், மியான்மர் இருக்கின்றன. இந்தியா இல்லை. ஆகவே, இந்தத் திட்டத்தில் அனுப்புகிறேன் என்று புதுக்கோட்டையில் யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்றால் அது சட்டத்துக்கு வெளியே நிற்கும் வாழ்க்கை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்த பிறகு புத்தகக் கடைக்குப் போகலாம்.

ஆங்கிலத்தைச் சுற்றிப் போகும் வழி

கொரிய மொழியை நேரில் உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் நமக்குத் தெரிந்த இடம் சென்னைதான். 2006இல் தொடங்கிய இன்கோ சென்டர் அங்கே கொரிய வகுப்புகள் நடத்துகிறது. புதுக்கோட்டையிலிருந்து அது ஏறத்தாழ 400 கி.மீ. வாரம் ஒரு வகுப்புக்குப் போய் வரும் தூரமா அது? எனவே, இங்கே இருப்பவருக்குப் புத்தகமே வாத்தியார். வாத்தியாரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுகிறவருக்காக எழுதப்பட்டவை. இடப்பக்கம் ஆங்கில வாக்கியம். வலப்பக்கம் கொரிய வாக்கியம். அதன் கீழே, படிக்க உதவியாக ரோமன் எழுத்தில் உச்சரிப்பு. நம் பிள்ளைகள் இந்த மூன்றாவது வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கடலுக்குக் கொரியச் சொல் ‘பாதா’. அதை இன்றைய அரசு முறைப்படி ரோமனில் எழுதும்போது முதல் எழுத்தாகப் ‘பி’ போடுகிறார்கள், அதாவது பம்பரத்தின் நடுவே வரும் ஒலிப்புடைய எழுத்தை. 1937இல் வகுத்த பழைய முறையில் அதே இடத்தில் வல்லொலி எழுத்து இருந்தது. அதனால்தான் புசான் நகரத்தின் பெயரைப் பழைய புத்தகத்தில் ஒரு மாதிரியும், 2000ஆம் ஆண்டு முறை மாறியபின் வந்த புத்தகத்தில் வேறு மாதிரியும் பார்க்கிறோம். ஆங்கிலேயருக்கு இது தலைவலி. கொரியனில் சொல்லின் தொடக்கத்தில் அந்த எழுத்து வல்லொலியாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே மெல்லிய ஒலிப்போடும் வருகிறது. ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து இரண்டு ஒலி.

தமிழருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? ‘படகு’ என்று எழுதுகிறோம். முதலில் வரும் பகரம் வல்லென்று ஒலிக்கிறது. நடுவில் வரும் டகரமும் குகரமும் தாமாகவே இளகிவிடுகின்றன. யாரும் நமக்கு விதி சொல்லித்தரவில்லை. ‘பாதா’ என்று தமிழில் எழுதி, கோட்டைப்பட்டினத்துப் பிள்ளையிடம் கொடுத்தால் கொரியருக்குப் புரியும்படி வாசித்துவிடும். அதே பிள்ளை ரோமன் எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஆங்கில உச்சரிப்பு புகுந்து கெடுத்துவிடும்.

இன்னொன்று. கொரியனில் வெறும் படுக்கைக் கோடாக எழுதும் உயிரெழுத்து ஒன்று உண்டு. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் உகரம். ரோமனில் அதற்கு எழுத்து கிடையாது. இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து ஒப்பேற்றுகிறார்கள், பிறகு அதை எப்படிச் சொல்வது என்று அரைப்பக்கம் விளக்குகிறார்கள். ‘பாட்டு’, ‘காற்று’ என்று நாம் சொல்லும்போது கடைசியில் வருவது அந்த ஒலிதான். குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, அதை வாயில் வைத்துக்கொண்டே ஆங்கிலப் புத்தகத்தின் விளக்கத்தில் தடுமாற வேண்டிய தேவை இல்லை.

தமிழ் எழுத்தும் எல்லாவற்றையும் தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். நெருப்பு, புல், கொம்பு ஆகிய மூன்றுக்கும் கொரியச் சொற்கள் நம் எழுத்தில் ‘புல்’ என்றே முடிந்துவிடும். கொரியக் காதுக்கு அவை மூன்றும் வேறு. முதலாவது இயல்பான பகரம்; இரண்டாவது மூச்சை வெளியே தள்ளிச் சொல்வது; மூன்றாவது ‘அப்பா’வில் வரும் பகரம்போலத் தொண்டையை இறுக்கிச் சொல்வது. மூன்றாவது நமக்கு எளிது. மூச்சுத் தள்ளும் ஒலிதான் தமிழில் இல்லாதது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். அதேபோல ‘ஒ’வுக்குப் பக்கத்தில், உதடு குவியாத உயிர் ஒன்று இருக்கிறது. அதையும் ‘ஒ’வையும் பிரித்துச் சொல்வதில்தான் தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். எனவே, ஒலிப்பதிவு இல்லாத கையேடு எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் வாங்க வேண்டாம். புத்தகத்தோடு ஒலிக்கோப்பு இருக்கிறதா, செல்போனில் கேட்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி.

எழுத்தில் தொடங்கும் புத்தகம்

இரண்டாவது கேள்வி: புத்தகம் கொரிய எழுத்தை எங்கே வைத்திருக்கிறது? கடைசிப் பக்கத்தில் அட்டவணையாக ஒட்டியிருந்தால் திருப்பி வைத்துவிடலாம். முதல் பாடமாக வைத்து, எழுதிப் பழக இடம் விட்டு, நாலைந்து பாடத்துக்குப் பிறகு ரோமன் வரியை நிறுத்திவிடும் புத்தகமே நல்ல புத்தகம்.

கொரிய எழுத்து கஷ்டம் என்று நினைப்பது சீன எழுத்தோடு குழப்பிக்கொள்வதால் வருவது. கொரியர்கள் சீன எழுத்தில்தான் பல நூற்றாண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் வடிவங்களை மனப்பாடம் செய்ய உழவருக்கும் பெண்களுக்கும் நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. சாதாரண மக்கள் தங்கள் மனதில் இருப்பதை எழுத வேண்டும் என்பதற்காகவே செஜோங் மன்னர் புதிய எழுத்தை 1443இல் உருவாக்கி, 1446இல் வெளியிட்டார். கற்றறிந்த பெரியவர்கள் எதிர்த்தார்கள். 1504இல் இன்னொரு மன்னர் அதைத் தடைகூடச் செய்தார். ஏளனமாகப் ‘பெண்களின் எழுத்து’ என்றார்கள். அப்படி இகழப்பட்ட எழுத்தைக் கடிதமாகவும் கதையாகவும் எழுதி உயிரோடு வைத்திருந்தவர்களில் பெண்களே அதிகம். அரசு ஆவணங்களில் அதற்கு இடம் கிடைக்க 1894 ஆயிற்று. இன்று தென்கொரியாவில் அக்டோபர் 9 எழுத்து நாள். 10,000 வோன் நோட்டில் இருப்பது செஜோங் முகம்.

எழுத்தின் அமைப்பைப் பார்த்தால் தொல்காப்பியத்தின் பிறப்பியல் படித்தவருக்கு வியப்பு வரும். மெய்யெழுத்தின் வடிவமே அது வாயில் பிறக்கும் இடத்தைக் காட்டுகிறது. மகரம் வாய் வடிவச் சதுரம். சகரம் பல்லின் வடிவம். ககரம் நாக்கின் அடி மேலெழும் கோணம். அதன்மேல் ஒரு கோடு கூட்டினால் மூச்சுத் தள்ளும் ஒலி. உயிரெழுத்துகள் வானம், நிலம், மனிதன் என்ற மூன்றைக் குறிக்கும் புள்ளி, படுக்கைக் கோடு, நெடுக்குக் கோடு ஆகியவற்றிலிருந்து பிறக்கின்றன. இன்று புழக்கத்தில் அடிப்படை எழுத்து 24: மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்காரும். உயிர்மெய் படித்து வளர்ந்த நமக்கு அந்தக் கணக்கு புரிய ஒரு வாரம் போதும். பல பேருக்கு அதுவும் வேண்டாம்.

செஜோங் பெயர் புதுக்கோட்டைக்கு அந்நியமானது அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோ தரும் பரிசு ஒன்று, கொரிய அரசின் நிதியுதவியோடு 1989இல் செஜோங் மன்னர் பெயரில் நிறுவப்பட்டது. 1990இல் அதைப் பெற்றது பக்கத்து மாநிலத்தின் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். எர்ணாகுளத்தில் அவர்கள் நடத்திக் காட்டிய முழு எழுத்தறிவு இயக்கத்தின் வழியில்தான் தமிழ்நாட்டில் அறிவொளி பிறந்தது. 1991இல் புதுக்கோட்டையில் அது கிளம்பியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் வயல்வேலைப் பெண்களும் இரவில் எழுத்துக் கற்றார்கள். பகலில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனது பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதால் உலகம் அறிந்தது.

அந்த இயக்கத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று கையேடு தேர்ந்தெடுப்பதற்கும் பொருந்தும். வளர்ந்தவருக்குச் சொல்லித்தரும் புத்தகம் அவருடைய பாட்டிலிருந்தும் பிழைப்பிலிருந்தும் தொடங்க வேண்டும். குழந்தைக்குச் சொல்வதுபோல ‘இது பேனா, அது நாற்காலி’ என்று தொடங்கினால் மூன்றாம் நாள் அவர் வரமாட்டார். கொரிய மொழிக் கையேட்டிலும் முதல் பத்துப் பக்கத்தில் ‘என் ஓட்டல் அறையில் வெந்நீர் வரவில்லை’ என்று இருந்தால் அது சுற்றுலாப் பயணிக்கு எழுதியது. ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கும், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கும் அது பயன்படாது.

‘சாப்பிட்டுப் பாருங்க’

நமக்கும் கொரியனுக்கும் உள்ள ஒற்றுமையில் பெரியது வாக்கிய அமைப்பு. ‘நான் நாளைக்கு பஸ்ஸில் திருச்சிக்குப் போகிறேன்’ என்பதைக் கொரியனில் சொல்ல, அதே வரிசையில் சொல்லைச் சொல்லாக வைத்துக்கொண்டே போகலாம். நான், நாளை, பஸ்ஸில், திருச்சிக்கு, போகிறேன். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். வினை கடைசியில் வரும். ‘நானும்’ என்பதில் உம் ஒட்டுவதுபோல அங்கே ‘தோ’ ஒட்டும். வினையில் ஏன், ஆய், ஆன் என்று ஆளைக் காட்டும் விகுதிகூட அங்கே கிடையாது; நம் மொழியை விட அதில் சுமை குறைவு.

‘சாப்பிட்டுப் பாருங்க’ என்கிறோம். கொரியர்கள் ‘மொகொ பொசெயோ’ என்கிறார்கள். சாப்பிட்டு, பாருங்கள், அச்சாக அதே. ‘கற்றுக் கொடுங்க’ என்பதற்கு அவர்கள் சொல்வது ‘கருச்சொ ஜுசெயோ’. கற்பித்து, கொடுங்கள். ஆங்கில வழிப் புத்தகம் இவற்றை முழு வாக்கியமாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். அல்லது துணைவினை என்று தனி அதிகாரம் போடும். தமிழர் அந்த அதிகாரத்தைப் பிறந்தபோதே முடித்துவிட்டார். அதனால்தான் வெறும் வாக்கியத் தொகுப்பாக இல்லாமல், வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டும் புத்தகம் நமக்கு இரட்டிப்புப் பயன் தரும் என்கிறேன். பிரித்துக் காட்டினால் மீதியை நம் தாய்மொழி பார்த்துக்கொள்ளும்.

மரியாதையும் அப்படித்தான். ‘சரி’ என்பதைச் ‘சரிங்க’ ஆக்குகிறோம். ‘ஏன்’ என்பதை ‘ஏனுங்க’ ஆக்குகிறோம். கொரியனில் அந்த வேலையை ‘யோ’ செய்கிறது. ‘வே?’ என்றால் ஏன், ‘வேயோ?’ என்றால் ஏனுங்க. இந்த ‘யோ’ விட்டுப்போனால் வாத்தியாரைப் பார்த்து ‘ஏண்டா’ என்று கேட்டதுபோல ஆகிவிடும். நாடகம் பார்த்து மொழி கற்கும் பிள்ளைகளுக்கு இதுதான் ஆபத்து. நாடகத்தில் நண்பர்களும் காதலர்களும் ‘யோ’ இல்லாமல் பேசுகிறார்கள். சரித்திரத் தொடர்களில் இன்று யாரும் பேசாத அரண்மனைத் தமிழ் போன்ற நடை வருகிறது. அதைக் கம்பெனியில் பேச முடியாது. கொச்சைப் பேச்சுக்கென்றே தனியாகக் கையேடுகள் விற்கிறார்கள். ‘மேக்கிங் அவுட் இன் கொரியன்’ அந்த வகை. முதல் புத்தகமாக அதை வாங்கக் கூடாது.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று. புத்தகத்தில் ‘நீங்கள்’ என்ற இடமெல்லாம் ‘தங்ஷின்’ என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அகராதிப்படி அது சரிதான். நேரில் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும்; கணவன் மனைவிக்குள் சொல்லிக்கொள்ளலாம். கொரியர்கள் பெரியவரை ‘நீங்கள்’ என்றே அழைப்பதில்லை. பதவியைச் சொல்லி ‘நிம்’ சேர்க்கிறார்கள்: முதலாளி என்றால் ‘சாஜங்நிம்’, ஆசிரியர் என்றால் ‘சொன்செங்நிம்’. நாம் ‘மேனேஜர் சார்’, ‘டாக்டர் ஐயா’ என்பது போலத்தான். பக்கத்துக்குப் பக்கம் ‘தங்ஷின்’ வரும் புத்தகம், ஆங்கில வாக்கியத்தை அப்படியே மாற்றிப் போட்டது. செல்போன் மொழிபெயர்ப்புச் செயலிகளும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கடைப் பலகையைப் படிக்க அவை போதும். மனிதரோடு பேச அவற்றை நம்ப வேண்டாம்.

உறவுமுறையைப் பார்த்தாலும் புத்தகத்தின் தரம் தெரிந்துவிடும். பெண் தன் அக்காவை ‘ஒன்னி’ என்பாள். ஆண் தன் அக்காவை ‘நூனா’ என்பான். பெண்ணுக்கு அண்ணன் ‘ஓப்பா’. ஆணுக்கு அண்ணன் ‘ஹ்யொங்’. அம்மாவின் சகோதரி ‘இமோ’, அப்பாவின் சகோதரி ‘கோமோ’. சித்தியும் அத்தையும் வேறுவேறு என்று தெரிந்த நமக்கு இதை விளக்க ஒரு வரி போதும். சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாளை ‘இமோ’ என்று கூப்பிடுவதும் அங்கே வழக்கம். இதையெல்லாம் இரண்டே சொல்லில் முடித்துவிட்ட கையேடு நமக்குப் போதாது.

ஒற்றுமை என்றதும் கொரியன் தமிழிலிருந்து பிறந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். அவருக்குப் பிறகு வந்த மொழியியலாளர்கள் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை ஏற்கவில்லை. அம்மா, அப்பா போன்ற சொற்கள் பல மொழிகளில் ஒத்திருப்பவை. நூற்றுக்கணக்கான சொற்கள் ஒன்று என்று பட்டியல் போடும் வீடியோக்களைப் பார்த்து மகிழலாம். அதை வைத்து ஒரு தம்ளர் தண்ணீர் கேட்க முடியாது. ‘முல் ஜுசெயோ’ என்று கற்றுக்கொண்டால் கேட்கலாம்.

எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறங்கள்

கொரியனில் எண்ணுவதற்கு இரண்டு வரிசை. ‘ஹனா, துல், செத்’ என்பது சொந்த எண். ‘இல், இ, சாம்’ என்பது சீனத்திலிருந்து வந்தது. மணி சொல்லச் சொந்த எண்; நிமிடம் சொல்லச் சீன எண். மூன்றரை மணி என்றால் ‘சே ஷி சாம்ஷிப் புன்’: முன்பாதி ஒரு வரிசை, பின்பாதி இன்னொரு வரிசை. பொருளையும் வயதையும் எண்ணச் சொந்த எண். பணத்துக்கும் தேதிக்கும் போன் நம்பருக்கும் சீன எண். பணத்தை ஆயிரத்தில் எண்ணாமல் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுவார்கள். அதற்கு ‘மன்’ என்று பெயர். ஐம்பதாயிரம் என்பது ஐந்து ‘மன்’. சம்பளம் பேசும்போது இது தெரியாவிட்டால் பத்து மடங்கு தப்பாகப் புரியும். ஒரே வரிசை எண்களோடு நின்றுவிட்ட புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று என்ற இடத்தையும் சோதிக்கலாம். நன்றி சொல்லும் சொல்லை எழுத்துக்கூட்டினால் ‘கம்சாஹப்னிதா’ என்று வரும், சொல்லும்போது ‘கம்சாஹம்னிதா’. பகரம் னகரத்தைக் கண்டு மகரமாகிவிடுகிறது. நமக்குக் கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை. புணர்ச்சி விதி புதிதல்ல. புத்தகம் இந்த மாற்றத்தைச் சொல்லித்தருகிறதா, இல்லை எழுத்தை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சான ஆண்டையும் பார்த்துவிடுங்கள். 50,000 வோன் நோட்டு 2009இல்தான் வந்தது. வயதைப் பழைய கொரியக் கணக்கில் சொல்லாமல் உலக வழக்கப்படி சொல்லும் சட்டம் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைப்பது இவற்றைச் சொல்லாது.

யாருக்கு எது?

பத்து நாள் பயணமாகப் போகிறவருக்கு லோன்லி பிளானட் கையேடு போதும். சட்டைப்பைக்கு அடங்கும், ஓட்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் இருக்கும். மொழி கற்க அது ஆகாது, கற்பிப்பதாக அதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

முறையாகத் தொடங்க நினைக்கும் மாணவருக்கு நான் சொல்வது ‘செஜோங் கொரியன்’ வரிசைப் பாடநூல். உலகெங்கும் உள்ள செஜோங் கல்வி நிலையங்களில் நடத்துவது அதுதான். எழுத்தில் தொடங்கி, ‘யோ’ நடையில் பேசவைத்து, ஒலிப்பதிவோடு வருகிறது. தனியாகப் படிப்பவர்கள் ‘டாக் டு மீ இன் கொரியன்’ பாடங்களை விரும்புகிறார்கள். 2009 முதல் ஒலிப்பாடங்களாக வந்து பின்னால் புத்தகமானவை என்பதால் காதுக்கு நல்ல பயிற்சி. இலக்கணம் பிரித்துப் பார்க்க ‘கொரியன் கிராமர் இன் யூஸ்’. தேர்வு எழுதுகிறவர்களுக்கு ‘டோபிக்’ என்ற கொரிய மொழித் திறன் தேர்வின் முதல் தாளில் 70 கேள்வி, 100 நிமிடம். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். கொரிய அரசின் உதவித்தொகையில் மேற்படிப்புக்குப் போகிறவருக்கு அங்கேயே ஓராண்டு மொழிப் பயிற்சி உண்டு; இருந்தாலும் எழுத்துகூடத் தெரியாமல் விமானம் ஏறுவது நல்லதல்ல.

கம்பெனி வேலைக்குப் போகிறவருக்கு நான் சொல்லும் புத்தகம் யாரும் எதிர்பார்க்காதது. முன்னே சொன்ன வேலை அனுமதித் திட்டத்துக்காகக் கொரிய அரசு 60 பாடங்களில் வெளியிட்ட பாடநூல். திட்டத்தில் இந்தியா இல்லாவிட்டாலும் புத்தகத்துக்கு எல்லை இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. இயந்திரத்தின் பெயர், கருவியின் பெயர், சம்பளச் சீட்டு, விடுப்புக் கேட்பது, காயம் பட்டால் சொல்வது, பாதுகாப்புப் பலகைகள் என்று உழைப்பவருக்கு வேண்டியதை வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கொரியப் பொறியாளர் பக்கத்தில் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல்தொகுதி வேறு எதிலும் நான் பார்க்கவில்லை.

பாதுகாப்புச் சொற்களை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 2024 ஜூன் 24 அன்று ஹ்வாசொங் நகரில் அரிசெல் லித்தியம் பேட்டரி ஆலை எரிந்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெளியேறும் வழி அவர்களுக்குச் சரியாகச் சொல்லித்தரப்பட்டதா, புரியும் மொழியில் சொல்லப்பட்டதா என்ற கேள்விகள் கொரியாவையே உலுக்கின. ‘விஹொம்’ என்றால் ஆபத்து. ‘சோஷிம்ஹசெயோ’ என்றால் கவனமாக இருங்கள். ‘ஆப்பாயோ’ என்றால் வலிக்கிறது. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119, போலீசுக்கு 112, வெளிநாட்டவர் உதவிக்கு 1345. அங்கே போகிறவர் வாங்கும் கையேட்டில் இவை முதல் பக்கங்களிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அட்டையின் உட்புறத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியே ஒரு புத்தகம்

இவ்வளவு தேடியும் ஆங்கிலம் தெரிந்தால்தான் கொரியன் படிக்கலாம் என்ற நிலையிலேயே நிற்கிறோம். கந்தர்வகோட்டையிலோ விராலிமலையிலோ தமிழ்வழியில் படித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு அந்நிய மொழிகளை ஒரே நேரத்தில் கற்கும் சுமை ஏன் வர வேண்டும்? அவளுக்குத் தெரிந்த தமிழே கொரியனுக்கு நேர்வழி. குற்றியலுகரம், புணர்ச்சி, ‘ங்க’, சித்தி–அத்தை வேறுபாடு, ‘செய்து பார்’, ‘செய்து கொடு’ எல்லாம் அவள் கையில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்ட கையேடு ஒன்றை நம் பதிப்பகங்கள் கொண்டுவர வேண்டும். எழுத ஆள் இல்லாமல் இல்லை. கொரியப் பல்கலைக்கழகங்களில் தமிழ் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள், தமிழ்ச்சங்கம் நடத்துகிறார்கள், கடையில், லேபில், ஆஸ்பத்திரியில் எந்தச் சொல் உதவியது, எது அவமானப்படுத்தியது என்று அவர்களுக்குத் தெரியும். வளர்ந்தவருக்குப் பாடநூல் எழுதுவது எப்படி என்று தெரிந்த அறிவொளித் தொண்டர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால் போதும்.

புத்தகத் திருவிழா நடத்தும் ஊர் புதுக்கோட்டை. லட்சத்துக்கும் மேல் நூல் சேர்த்து வைத்த ஞானாலயா நூலகம் இருக்கும் ஊர். அடுத்த திருவிழாவில் அரங்கு அரங்காகப் போய்ப் பதிப்பாளர்களிடம் இந்தப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். எழுத்துப் பாடம் முதலில், ரோமன் வரி கிடையாது, தமிழ் உச்சரிப்பு முதல் பத்துப் பாடத்துக்கு மட்டும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒலிப்பதிவு, இரண்டு எண் வரிசையும் பயிற்சியோடு, தொழிற்சாலைக்கு ஓர் அதிகாரம், ஆஸ்பத்திரிக்கு ஓர் அதிகாரம், போலி ஏஜென்ட் பற்றி ஒரு பக்கம். ‘மெதுவாகச் சொல்லுங்கள்’ என்ற ‘ச்சொன்ச்சொனி மல்ஹே ஜுசெயோ’ முதல் பாடத்திலேயே வந்துவிட வேண்டும்.